காலையிலேயே தயாராக இருந்த ரத்தம்

முப்பத்தாறு வயதில் ஓய்வு பெறுவதற்கு ஒரே வழி, நீங்கள் வேலை செய்யும் பிரிவை மூடிவிடுவதுதான். எனக்கு அது நடந்தது. தீவு நகரமான ஜார்ஜ் டவுனில் நான் பதினான்கு ஆண்டுகள் வேலை செய்த தனியார் மருத்துவமனை, தன் ரத்த வங்கியைப் பெருநிலத்தில் இருக்கும் மத்திய ஆய்வகத்தோடு சேர்த்துவிட்டது. பாலம் தாண்டிப் போக விருப்பமில்லாதவர்களுக்கு விருப்ப ஓய்வு கொடுத்தார்கள். நான் வாங்கிக்கொண்டேன். வருத்தம் ஒன்றுமில்லை. வேலையைச் சரியாகச் செய்தோம் என்று தெரிந்தவர்களுக்குக் கதவை மூடிவிட்டு வருவது கடினமில்லை.

பிரிவு உபசாரத்தில் கேக் வெட்டும்போது யமுனா என்ற இளம் நர்ஸ் கேட்டாள். "பென்ஷன்காரி அக்கா, போறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிட்டுப் போங்க லா. இப்ப கையில இருக்கிற பட்டைய ஸ்கேன் பண்ணா எல்லாம் வந்துடுது. இனிமேயும் நோயாளிகிட்ட பேர் கேக்கணுமா?"

கேட்கணும் என்றேன். ஏன் என்பதைக் கேக் தட்டோடு நின்றுகொண்டு சொல்ல முடியவில்லை. அதனால் எழுதுகிறேன். இதில் வரும் குடும்பத்தாரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பத்தில் மூன்று வருட டிப்ளோமா, ஆறு மாதப் பயிற்சி, பிறகு நேராக வேலை. கல்லூரியில் ரத்தத்தைப் பற்றிச் சொல்லிக்கொடுத்தார்கள். ரத்தம் யாருடையது என்று கண்டுபிடிப்பதுதான் வேலையில் முக்கால் பங்கு என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

அதைச் சொன்னவர் ஃபாத்திமா மேடம், எங்கள் தலைமைத் தொழில்நுட்பர். அந்த மருத்துவமனையில் ஃபாத்திமாக்கள் மூன்று பேர். மூன்று பேரும் தமிழ் முஸ்லிம்கள், இரண்டு பேருக்கு அப்பா பெயரும் ஒன்று. வேறொரு ஃபாத்திமாவுக்கு வந்த பல் மருத்துவர் அழைப்புக் கடிதத்தோடு இவர் போய் நாற்காலியில் உட்கார்ந்து, வாயைத் திறந்த பிறகுதான் ஆள் மாறியது தெரிந்ததாம். "நல்ல பல்லைப் புடுங்கப் பாத்தாங்க" என்று சிரிக்காமல் சொல்வார். குரலை உயர்த்தமாட்டார், பாராட்டவும் மாட்டார். நாம் ஒரு குழாய் ரத்தத்தை மேசையில் வைத்தால் 'என்ன சோதனை' என்று கேட்கமாட்டார். "யாரு?" என்பார். பெயரை மட்டும் சொன்னால் நிமிர்ந்து பார்ப்பார். முழுப்பெயர், தகப்பன் பெயர், பிறந்த தேதி, மருத்துவமனை எண், நான்கும் சொன்ன பிறகுதான் கையை நீட்டுவார்.

ஒரு எழுத்து மாறியிருந்தாலும் குழாயைத் திருப்பி அனுப்பிவிடுவார். வார்டுகளில் அவருக்கு நல்ல பெயர் கிடையாது. நான் சேர்ந்த புதிதில் ஒரு லெட்சுமிக்காக அவரிடம் வாதாடினேன். இந்த நாட்டில் பிறப்புப் பதிவு செய்தவர்கள் காதில் விழுந்தபடி ஆங்கில எழுத்தில் எழுதிக்கொண்டார்கள். டி போட்டு ஒரு லெட்சுமி, டி இல்லாமல் ஒரு லெட்சுமி, எக்ஸ் போட்டு ஒரு லெட்சுமி.

"ஒரு எழுத்துதானே மேடம்?"

"ஒரு எழுத்துதான். அடுத்த கட்டில்ல இருக்கிறவளுக்கும் ஒரு எழுத்துதான் வித்தியாசம். போய்ப் பாத்துட்டு வா."

போய்ப் பார்த்தேன். அடுத்த கட்டிலில் இன்னொரு லெட்சுமி இருந்தார். "நீங்கதானே லெட்சுமி?" என்று இருவரிடமும் கேட்டேன். இருவரும் ஆமாம் என்றார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. நான் கேட்டதுதான் தவறு. திரும்பி வந்து என் குறிப்பேட்டில் முதல் வரியாக எழுதினேன்: பெயரைச் சொல்லிக் கேட்காதே. பெயரைக் கேள்.

அந்தக் குறிப்பேட்டில் பதினான்கு ஆண்டுகளில் நாற்பத்தொரு வரிகள் சேர்ந்தன. மயக்கத்தில் இருப்பவருக்காக வீட்டார் பேச வேண்டும். வீட்டார் தலையாட்டுவதை ஏற்காதே. குழாயில் பெயரைக் கட்டிலருகே எழுது, மேசைக்கு வந்து எழுதாதே. ரத்தப் பை, படிவம், கைப்பட்டை மூன்றையும் ஒரே நேரத்தில் பார், ஒன்றை நினைவில் வைத்துக்கொண்டு மற்றதைப் பார்க்காதே. எல்லாம் இந்த மாதிரிதான். படிக்க அலுப்பாக இருக்கும். இவற்றில் ஒன்றை நான் மீறிய நாளைத்தான் இப்போது சொல்லப்போகிறேன்.

வேலையில் சேர்ந்து ஆறாவது ஆண்டு. பள்ளி விடுமுறை வாரம். விடுமுறையில் ரத்ததானம் செய்பவர்கள் ஊருக்குப் போய்விடுவார்கள், குளிர்பெட்டி காலியாகிக்கொண்டே வரும். யாருக்கும் அவசரத்துக்குக் கொடுக்கக்கூடிய ஓ வகைப் பைகள் அன்றைக்கு இரண்டே இரண்டு இருந்தன. ஃபாத்திமா மேடம் தங்கை மகள் திருமணத்துக்காக விடுப்பில் இருந்தார். ஆய்வகத்தில் நானும் சரவணனும். சரவணன் என் வயதுக்காரன், கை வேகம், வாய் அதைவிட வேகம்.

பிற்பகல் இரண்டரை மணிக்கு அவசரப் பிரிவிலிருந்து தொலைபேசி வந்தது. பாயான் பாருவில் மோட்டார் சைக்கிள் விபத்து. இரண்டு பேர். பின்னால் இருந்தவருக்குச் சிராய்ப்பு மட்டும். ஓட்டியவருக்குத் தொடை எலும்பு முறிந்து, வயிற்றுக்குள் ரத்தம் கசிகிறது. அறுவை சிகிச்சைக்கு நான்கு பை வேண்டும். சொல்லி முடிப்பதற்குள் அஸ்மி என்ற ஊழியர் ரத்தக் குழாயோடும் படிவத்தோடும் காலி ஐஸ் பெட்டியோடும் வந்து நின்றார். படிவத்தில் பெயர்: ராமன், தகப்பன் பெயர் முனியாண்டி.

சரவணன் குளிர்பெட்டியைத் திறந்தான். "மாலா, இவரு லக்கி லா. ரத்தம் ஏற்கனவே ரெடியா இருக்கு. ரெண்டு பை."

இருந்தது. இரண்டு பைகளிலும் அதே பெயர், அதே தகப்பன் பெயர். படிவத்தில் இருந்த மருத்துவமனை எண்ணும் பையில் இருந்த எண்ணும் ஒன்று. அவசரத்தில் படிவத்தின் பிறந்த தேதிக் கட்டம் மட்டும் நிரப்பப்படவில்லை. பி வகை. சரவணன் பேனாவை எடுத்து ஒவ்வொன்றாகச் சரி போட்டுக்கொண்டே வந்தான். அஸ்மி பெட்டியின் மூடியைத் திறந்துவிட்டார்.

நான் பையில் கட்டியிருந்த சீட்டைப் பார்த்தேன். தயாரான நேரம்: காலை பத்து இருபது.

"சரவணன், இவரு எத்தனை மணிக்கு விழுந்தாரு?"

"ரெண்டு மணின்னாங்க."

"அப்ப காலையில பத்து மணிக்கு யாருக்கு ரத்தம் தயார் பண்ணோம்?"

அவன் ஒரு வினாடி யோசித்தான். "நாளைக்கு ஏத்திக்க வேண்டியவரு, இன்னைக்கே போய் விழுந்துட்டாரு. அவ்வளவுதான். குடு, ஆளு செத்துடப் போறான்."

நடக்கக்கூடியதுதான். மறுக்க என்னிடம் காரணம் இல்லை. ஆனால் குழாய் கையில் இருந்தது, ரத்த வகை பார்க்க மூன்று நிமிடம் போதும். பார்த்தேன். ஏ வகை.

ஏ வகைக்காரர் உடம்பில் பி வகை ரத்தம் ஏறினால், அந்த உடம்பே அதை உடைக்க ஆரம்பிக்கும். சிறுநீரகம் நின்றுபோகலாம், இதயமும் நிற்கலாம். ஏற்கனவே ரத்தம் இழந்துகொண்டிருப்பவருக்கு அது போதும். இரண்டில் ஒன்று தவறு. குழாயில் இருக்கும் ரத்தம் இவருடையது இல்லை, அல்லது பையில் இருக்கும் ரத்தம் இவருக்கானது இல்லை. பெயரும் எண்ணும் இரண்டுக்கும் நடுவில் சமாதானமாக நின்றன.

அந்த இரண்டு ஓ பைகளைப் பெட்டியில் வைத்து அஸ்மியை ஓடச் சொன்னேன். மயக்க மருத்துவர் தொலைபேசியில் கத்தினார். "பேஷண்ட்டோட ரத்தம் உங்க ஃப்ரிட்ஜ்ல இருக்குன்னு கம்ப்யூட்டர் சொல்லுது. நீங்க ஏன் வேற ரத்தம் அனுப்புறீங்க?"

"வகை ஒத்துப்போகல டாக்டர். முன்னாடி இவரு இங்க வந்திருக்காரான்னு பாக்கணும்."

"எனக்கு ரத்தம் வேணும். வரலாறு வேணாம்."

"இருபது நிமிஷம் டாக்டர். அதுவரைக்கும் ஓ தாங்கும்."

தாங்குமா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்தக் குரலுக்கு அப்படித்தான் பதில் சொல்ல வேண்டும். சரவணனைக் குளிர்பெட்டிக்குக் காவல் வைத்துவிட்டுப் படியேறினேன்.

அவசரப் பிரிவின் வாசலில் ஐம்பத்தைந்து வயதிருக்கும் ஓர் அம்மா நின்றிருந்தார். கையில் மகனின் தொழிற்சாலைப் பாஸ். அடையாள அட்டை விபத்து நடந்த இடத்தில் பையோடு போய்விட்டது. கணவர் எக்ஸ்பிரஸ் பஸ் ஓட்டுநர், தென்பக்கம் எங்கேயோ நெடுஞ்சாலையில் இருந்தார், தொலைபேசியை எடுக்கவில்லை. பதிவு மேசையில் இருந்தவர் பாஸில் இருந்த பெயரைக் கணினியில் தட்டி, வந்த விலாசத்தைப் படித்து, "இந்த வீடுதானே?" என்று கேட்டிருக்கிறார். அம்மா தலையாட்டியிருக்கிறார். அந்த எண்ணில் கைப்பட்டை அச்சாகி, மகன் கையில் ஏறிவிட்டது.

நான் மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டேன். "ஆன்ட்டி, ராமனுக்கு இதுக்கு முன்னாடி இங்க ரத்தம் ஏத்தியிருக்காங்களா?"

என் குறிப்பேட்டின் முதல் வரியை நானே மீறினேன். பெயரைச் சொல்லிக் கேட்டேன்.

"ஆமாம்மா. போன மாசம்கூட ஏத்துனாங்க. இன்னைக்குக் காலையிலகூட இங்கதான் ஊசி போட்டு ரத்தம் எடுத்தாங்க. நாளைக்கு ஏத்தணும்."

சரவணன் சொன்னது சரியாகிவிட்டது. பையில் இருப்பது இவருடைய ரத்தம். அப்படியானால் குழாய்தான் தவறு. பின்னால் உட்கார்ந்து வந்தவரின் ரத்தத்தை மாற்றி எடுத்திருப்பார்கள். நான் தொலைபேசி இருந்த மேசையை நோக்கித் திரும்பினேன். பி பைகளை அனுப்பச் சொல்ல வேண்டும். எண்ணை அழுத்த ஆரம்பித்துவிட்டேன்.

பின்னால் அந்த அம்மா தனக்குள் பேசுவதுபோலச் சொன்னார். "அவரு பாவம். ஊசின்னாலே பயப்படுவாரு."

ரிசீவரை வைத்தேன். எந்த அம்மா தன் மகனை 'அவரு' என்பாள்?

"ஆன்ட்டி, யாரைச் சொல்றீங்க? நான் உள்ள படுத்திருக்கிற உங்க மகனைக் கேட்டேன்."

"தம்பியையா? அவனுக்கு ஒரு காய்ச்சல்கூட வந்ததில்லையேம்மா. நீ மாமாவையில்ல கேட்ட?"

மாமா என்றால் அவருடைய மாமனார். எண்பது வயதைத் தாண்டியவர். ரத்தசோகைக்கு மாதம் ஒருமுறை எங்கள் மருத்துவமனையில் ரத்தம் ஏற்றிக்கொள்பவர். அன்று காலை இந்த அம்மாவே அவரைக் கூட்டிவந்து, ரத்தம் எடுக்கவிட்டு, வீட்டில் கொண்டுபோய் விட்டிருக்கிறார். அவர் பெயர் ராமன். அவருடைய அப்பா முனியாண்டி. அவருடைய மகனுக்குத் தாத்தா பெயர், முனியாண்டி. பேரனுக்கும் தாத்தா பெயர், ராமன். எங்கள் அடையாள அட்டையில் குடும்பப் பெயர் கிடையாது, சொந்தப் பெயரும் 'இன்னாரின் மகன்' என்பதும்தான். ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை தாத்தா பெயர் வைக்கும் வீட்டில், தாத்தாவும் பேரனும் முழுப்பெயரில் ஒரே ஆளாகிவிடுவார்கள். ஒரே வீட்டில் இருந்தால் விலாசமும் ஒன்றாகிவிடும். அந்த வீட்டு மருமகளுக்கோ அந்தப் பெயர் ஒரே ஒருவருக்குத்தான் சொந்தம். மகனை அவர் பிறந்ததிலிருந்து 'தம்பி' என்றுதான் கூப்பிட்டிருக்கிறார்.

ஃபாத்திமா மேடத்தைக் கூப்பிட்டேன். பின்னணியில் திருமண வீட்டுச் சத்தம், பிரியாணித் தட்டுகளின் சத்தம்.

"யாரு?" என்றார். அவர் கேட்டது என்னை இல்லை, நோயாளியை என்பது எனக்குத் தெரியும்.

"ரெண்டு பேரு மேடம். தாத்தாவும் பேரனும். பேரன் கையில தாத்தா நம்பர் இருக்கு. அந்த ஃபைல்ல வகைய 'ஏ'ன்னு திருத்திட்டு ரத்தம் குடுத்துடலாமா?"

"திருத்தினா நாளைக்குப் பெரியவருக்கு எதைக் குடுப்ப?"

கணினியில் 'திருத்து' என்ற பொத்தானைத் திறந்து வைத்துவிட்டுத்தான் சரவணன் கீழே காத்துக்கொண்டிருந்தான்.

"ரெண்டு பேருன்னா ரெண்டு நம்பர். பெரியவர் ஃபைலைத் தொடாதே. பேரனுக்குப் புதுசா நம்பர் எடு. பட்டைய வெட்டிட்டுப் புதுப் பட்டை கட்டு. புதுசா ரத்தம் எடு, நீயே பக்கத்துல நின்னு பாரு. பேரை வீட்டாள் வாயால வாங்கு. தலையாட்டினா வாங்காதே. மாலா..."

"மேடம்?"

"ஓடு."

அறைக்குள் ராமன் மயக்க மருந்தில் கிடந்தான், வாயில் குழாய். முதல் ஓ பை முடிந்துவிட்டது, இரண்டாவது பாதி இறங்கியிருந்தது. மருத்துவர் ஊசியோடு நின்றார், அஸ்மி புதுப் பட்டையோடு நின்றார், நான் படிவத்தோடு நின்றேன். அம்மாவைக் கட்டிலருகே கூப்பிட்டேன்.

"ஆன்ட்டி, இவரோட முழுப்பேரு சொல்லுங்க."

"அதான் உனக்குத் தெரியுமே."

"எனக்குத் தெரிஞ்சது போதாது. நீங்க சொல்லணும்."

பாஸை நீட்டினார். பாஸைப் பார்த்துத்தான் ஏற்கனவே ஒருவர் தவறான கோப்பைத் திறந்திருந்தார். நான் வாங்கவில்லை.

"அது என் மாமனாரு பேரும்மா. நான் சொல்றதில்ல."

"இப்ப சொல்லித்தான் ஆகணும்."

அம்மா சுற்றும் முற்றும் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "சீதையோட புருஷன்" என்றார்.

அஸ்மிக்குத் தமிழ் தெரியாது. என்ன சொன்னார் என்று மலாயில் கேட்டார். நான் மொழிபெயர்க்கவில்லை.

"ஆன்ட்டி, சீதை புருஷன்னு பட்டையில அடிக்க முடியாது."

"தகப்பன் பேரும் வேணுமா?"

"வேணும்."

"அது என் வீட்டுக்காரரு பேரு." அழவில்லை. கணக்குப் போடுபவரைப்போல ஒரு கணம் நின்றார். முப்பது வருடத்துக்கு மேலாக அந்த இரண்டு பெயர்களையும் அவர் உதட்டில் கொண்டுவந்ததில்லை. இரண்டையும் சேர்த்துத்தான் இந்த நாடு அவர் மகனுக்குப் பெயர் வைத்திருந்தது. பாதிப் பையைப் பார்த்தார். மகனின் காலைப் பார்த்தார்.

"ராமன்" என்றார். கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "ராமன். என் மவன். முனியாண்டி மவன் ராமன்." பிறந்த தேதியையும் கேட்காமலே சொன்னார். பிறகு சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "ரெண்டு பேரையும் ஒரே மூச்சுல சொல்ல வச்சிட்டியேம்மா."

மருத்துவர் ரத்தம் எடுத்தார். குழாயில் பெயரை அங்கேயே நின்று எழுதினேன். புது எண், புதுப் பட்டை. கீழே வந்து பார்த்தேன்: ஏ வகை. இரண்டாவது ஓ பை காலியாவதற்கு முன்னால் முதல் ஏ வகைப் பை மேலே போனது. அன்று மட்டும் ஐந்து பைகள் கொடுத்தோம். மாலை ஆறு மணிக்கு மயக்க மருத்துவர் கூப்பிட்டு, வயிற்றில் கசிவு நின்றுவிட்டது என்றார். வரலாற்றைப் பற்றி எதுவும் பேசவில்லை. சரவணன் 'திருத்து' பக்கத்தைத் திருத்தாமலே மூடினான். "ஆளு செத்துடப் போறான்னு சொன்னேன்ல, நாமளே சாவடிக்கப் பாத்தோம்" என்றான்.

மறுநாள் காலை பெரியவர் நாலாவது மாடிக்கு வந்தார். அவருக்கான இரண்டு பி பைகளை நானே கொண்டுபோனேன். பெயரைக் கேட்டேன், சொன்னார். தகப்பன் பெயரைக் கேட்டேன், சொன்னார்.

"எங்க தாத்தாவும் இதே பேருதான்மா. முனியாண்டி மவன் ராமன். கப்பல்ல வந்து இந்தத் துறைமுகத்துல மூட்டை தூக்குனவரு. அவருக்கும் கால்தான் ஒடஞ்சுச்சாம், மூட்டை விழுந்து. அப்பல்லாம் ரத்தம் யாரு குடுத்தா?" கையை நீட்டிக்கொண்டு, ஊசியைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "என் ரத்தத்தைப் பயலுக்குக் குடுத்திருந்தாலும் எனக்கு ஒண்ணுமில்லம்மா. பேரு ஒண்ணுதானே."

"பேரு ஒண்ணு, ரத்தம் வேற, ஐயா."

"அப்படியா? அப்ப அவன் அம்மாதான் காரணம்" என்று சிரித்தார்.

அந்த வாரம் நான் பழைய பதிவேடுகளில் அந்தப் பெயரைத் தேடினேன். கணினி வருவதற்கு முந்தைய அட்டைகளையும் சேர்த்து ஒன்பது பேர் கிடைத்தார்கள். ரயில்வேயில் வேலை பார்த்த ஒரு ராமன். சினிமாக் கொட்டகையில் டிக்கெட் கிழித்த ஒரு ராமன். புக்கிட் மெர்தாஜாமிலிருந்து வந்து, தண்ணீர்மலையில் காவடி எடுத்த அன்று மயங்கி விழுந்த ஒரு ராமன். இரண்டு நாள் மட்டும் உயிரோடிருந்து, அதற்குள் பெயர் வைக்கப்பட்டுவிட்ட ஒரு ராமன். எல்லோருக்கும் அப்பா முனியாண்டி. அவர்களில் ஒருவருடைய கோப்பில் இன்னொருவருடைய ரத்த வகை ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். ஒன்று இருந்தது. பிரித்துவைத்தேன்.

யமுனா, பட்டையை ஸ்கேன் செய். அது நல்ல கருவி. அன்றைக்கும் ஸ்கேன் செய்திருந்தால், எண் சரி என்றுதான் காட்டியிருக்கும்.

விபத்துக்கு மூன்றாம் நாள் மாலை தீவிர சிகிச்சைப் பிரிவில் ராமனுக்குக் கடைசிப் பை ஏற்ற வேண்டியிருந்தது. நானும் ஒரு நர்ஸும் போனோம். வாயில் குழாய் இன்னும் இருந்தது, பேச முடியாது, கண் மட்டும் திறந்திருந்தது. அம்மா பக்கத்தில் நாற்காலியில் இருந்தார். நர்ஸ் பையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு கேட்க வாயெடுத்தாள். அதற்குள் அம்மா எழுந்து, மற்ற கட்டில்களுக்கும் கேட்கும்படி சொன்னார்.

"முனியாண்டி மவன் ராமன். வயசு முப்பத்தொண்ணு. இது ஏ. பி இருக்கிற ராமன் நாலாவது மாடியில ரத்தம் ஏத்திக்கிட்டு நேத்தே வீட்டுக்குப் போயிட்டாரு. நல்லாப் பாத்து ஏத்தும்மா."